வரவு அரசுக்கு, செலவு பாட்டிக்கு!

எண்ணெய் பூமியான அலாஸ்காவில் கணப்பு எரிக்க அல்லாடும் முதியோர்: உதவித் திட்டங்கள் தடுக்கி விழும் இடம் எது?

2008 ஜூலையில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே சரிந்தது. வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அலாஸ்காவின் மேற்கு ஓரத்தில், யூகான் ஆறு பெரிங் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் எம்மோனாக் என்ற யூப்பிக் கிராமத்துக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. அந்த ஊரின் குளிர்காலத்துக்கான எண்ணெய் கோடையிலேயே, உச்ச விலையில், வாங்கி முடிந்துவிட்டது. பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டிய கடைசி எண்ணெய்ப் படகு வந்து சேர்வதற்குள் ஆறு முன்கூட்டியே உறைந்துபோனது. அதற்குப் பிறகு விமானத்தில்தான் எண்ணெய் வந்தது. கணப்பு எண்ணெய் கேலன் 7 டாலருக்கு மேல் போனது. ஒரு கேலன் என்பது நம் கணக்கில் 3.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

2009 ஜனவரியில் அந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்து வீடுகளில் விசாரித்து, பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். எண்ணெய் வாங்கினால் சாப்பாட்டுக்கு இல்லை, சாப்பாடு வாங்கினால் எண்ணெய்க்கு இல்லை என்று வீட்டுக்கு வீடு திண்டாடும் நிலையை அவர் அதில் அடுக்கியிருந்தார். அதற்கு முந்தைய கோடையில் ஆற்றில் சால்மன் மீன் வரத்து குறைந்து, மீன்பிடி வருமானமும் போயிருந்தது. கடிதம் நாடெங்கும் பேசப்பட்டது. பெட்டி பெட்டியாக உணவு வந்து இறங்கியது. அப்போதைய கவர்னர் சாரா பேலின், பாதிரியார் ஃபிராங்க்ளின் கிரஹாமோடு அந்தப் பகுதிக் கிராமங்களுக்குப் பறந்து வந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே 2008-ல் அலாஸ்கா அரசின் கஜானா நிரம்பி வழிந்தது. எண்ணெய் விலை உயர்ந்ததால் வந்த பணம் அது. மாநிலத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் வழக்கமான எண்ணெய்ப் பங்குத்தொகை 2,069 டாலரோடு கூடுதலாக 1,200 டாலர் கொடுக்கப்பட்டது. அதாவது, எந்த விலையேற்றம் எம்மோனாக்கில் ஒரு பாட்டியின் கணப்பை அணைத்ததோ, அதே விலையேற்றம்தான் தலைநகர் ஜூனோவின் பெட்டியை நிரப்பியது. ஒரே பீப்பாய்க்கு இரண்டு கணக்கு. வடகோடி முதியோருக்கான கணப்பு உதவியின் ஐம்பதாண்டுக் கதை முழுவதும் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கதைதான்.

வருடத்துக்கு ஒரு விலை

அலாஸ்காவின் வடக்கே ப்ரூடோ பேயில் 1968-ல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1977 முதல் 800 மைல் நீளக் குழாய் வழியாக அது தெற்கே வால்டீஸ் துறைமுகத்துக்கு ஓடுகிறது. ஆனால் கிராமங்களில் எரிவது சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய். அது வெளியிலிருந்து கப்பலேறித் திரும்பி வர வேண்டும். கரும்பு ஆலைக்கு அடுத்த தெருவில் குடியிருந்துகொண்டு சர்க்கரைக்குக் க்யூவில் நிற்கிற கதை.

மேற்கு, வடமேற்கு அலாஸ்காவின் பெரும்பாலான கிராமங்களுக்குச் சாலை கிடையாது. ஆறும் கடலும் பனி உருகித் திறந்திருக்கும் சில மாதங்களில் எண்ணெய்ப் படகு வரும். ஓராண்டுக்கான சரக்கு முழுவதையும் ஊர் டேங்குகளில் இறக்கிவிட்டுப் போய்விடும். அந்தச் சரக்கை வாங்குவது பழங்குடி மன்றமாக இருக்கலாம், ஊர்க் கடையாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம். யாராக இருந்தாலும் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும். கையில் இல்லாதவர்கள் கடன் வாங்குகிறார்கள். இதற்கென்றே மாநிலம் ஒரு கடன் நிதி வைத்திருக்கிறது. வட்டி, படகு வாடகை, டேங்க் பராமரிப்பு எல்லாம் கேலன் விலையில் ஏறி உட்காரும். அன்றைக்கு வைத்த விலை அடுத்த படகு வரும்வரை அசையாது.

படகு வராமல் போனால் என்ன ஆகும் என்பதை நோம் நகரம் காட்டியது. சுமார் 3,500 பேர் வசிக்கும் அந்த ஊருக்கு 2011 நவம்பரில் வர வேண்டிய கடைசி எண்ணெய் பெரும்புயலால் தடைபட்டது. 2012 ஜனவரியில் 'ரெண்டா' என்ற ரஷ்ய டேங்கர் கப்பல், முன்னால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 'ஹீலி' பனியுடைப்புக் கப்பல் வழி வெட்டித் தர, 13 லட்சம் கேலன் எண்ணெயோடு வந்து சேர்ந்தது. உறைந்த கடலின்மேல் குழாய் விரித்து எண்ணெயைக் கரையேற்றினார்கள். வெளிநாட்டுக் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றக் கூடாது என்ற சட்டத்துக்கு விலக்கு வாங்க வேண்டியிருந்தது.

நோவாடக் கிராமத்தின் பாடு அதைவிட மோசம். ஆற்றில் தண்ணீர் போதாமல் படகு வருவதே நின்றுபோய், எண்ணெய் விமானத்தில் வருகிறது. கேலன் விலை 10 டாலரைத் தாண்டிவிட்டது. இதற்கு நேர்மாறு, அமெரிக்காவின் வடகோடி ஊரான உட்கியாக்விக். குளிர் அங்கேதான் அதிகம். ஆனால் ஊருக்குப் பக்கத்திலேயே இயற்கை எரிவாயு கிடைப்பதால் கணப்புச் செலவு மட்டுப்படுகிறது. தெற்கே மாநிலத்தின் பெரிய நகரமான ஆங்கரேஜும் எரிவாயுவில்தான் குளிர்காய்கிறது. பாட்டியின் பில்லைத் தீர்மானிப்பது குளிர் அல்ல, எண்ணெய் வந்து சேரும் வழி.

ஐந்து கேலன் கேன்

அலாஸ்காக் கிராம வீடுகளில் 'டோயோ' என்றால் தெரியாதவர் கிடையாது. ஜப்பானின் டோயோடோமி கம்பெனி செய்யும் எண்ணெய்க் கணப்பு அது. சுவரோரமாக ஒரு சின்னப் பெட்டி. சுவரைத் துளைத்து வெளியே போகும் ஒற்றைக் குழாய் வழியாகவே காற்றை உள்ளிழுத்துப் புகையை வெளியே தள்ளும். எண்ணெயை மிச்சப்படுத்துவதில் கெட்டிக்காரக் கருவி. ஆனால் அதன் விசிறியும் பற்றவைக்கும் பொறியும் மின்சாரத்தில் ஓடுகின்றன. கரண்ட் போனால் டேங்கில் எண்ணெய் இருந்தும் கணப்பு அணைந்துவிடும். ஆகவே பாட்டி இரண்டு பில் கட்டியாக வேண்டும். ஒன்றைக் கட்டாவிட்டாலும் குளிர்தான்.

எண்ணெயும் எந்த எண்ணெயும் ஆகாது. வழக்கமான டீசல் கடுங்குளிரில் கூழாகி உறைந்து குழாயை அடைத்துவிடும். அதனால் மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான, விலை கூடிய முதல் ரகம்தான் வேண்டும். 'ஸ்டவ் ஆயில்' என்று ஊரில் சொல்வது அதைத்தான்.

கையில் காசு இருக்கிறவர் வெளியே இருக்கும் பெரிய டேங்கை ஒரேயடியாக நிரப்பிவிடுவார். இல்லாதவர் ஐந்து கேலன் பிளாஸ்டிக் கேனைப் பனிவண்டியின் பின்னால் கட்டிய சறுக்குப் பலகையில் வைத்து, ஊர் பம்புக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவார். நிரம்பிய கேன் 15 கிலோவுக்கு மேல் கனக்கும். நடுத்தர அளவுள்ள ஒரு டோயோ முழு வேகத்தில் எரிந்தால் அந்த ஐந்து கேலன் ஒன்றரை நாளைக்குத் தாங்காது. எழுபது வயதுக்காரர் மைனஸ் முப்பது டிகிரியில் இந்தக் கேனைத் தூக்கிச் சரித்து டேங்கில் ஊற்ற முடியாது. பேரனோ பக்கத்து வீட்டுப் பையனோ வர வேண்டும். அவர்கள் வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும். அதுவும் அதே படகில் வந்து அதே விலை ஏறியது.

யூப்பிக் மக்களிடையே ஒரு பழக்கம் உண்டு. ஒரு பையன் முதல்முதலாகப் பிடித்த சீல் விலங்கையோ சுட்ட பறவையையோ வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டான். பெரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். இறைச்சி, மீன், காட்டுப் பழம் எல்லாம் இப்படிப் பங்காக முதியோர் வீட்டுக்கு வந்துவிடும். மரமே வளராத அந்தச் சமவெளியில் ஆறு அடித்துக்கொண்டு வரும் கட்டைகளைக்கூட இளைஞர்கள் அறுத்துப் போட்டுவிடுவார்கள். பங்கிட முடியாத ஒரே சரக்கு எண்ணெய். அதற்கு ரொக்கம் வேண்டும். வாழ்நாள் முழுக்க மீன் பிடித்தும் வேட்டையாடியும் பிழைத்தவருக்குச் சம்பளக் கணக்கு எங்கிருந்து வரும்? சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும் ஓய்வூதியமும் சொற்பமாகவே இருக்கும்.

கொடுத்த கை, எடுத்த கை

முதியோருக்கு அலாஸ்கா ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, 1972-ல், 65 வயதைத் தாண்டிய பழைய குடிகளுக்கு மாதம் 100 டாலர் 'நீண்ட ஆயுள் போனஸ்' அறிவித்தது. அது 250 டாலர் வரை உயர்ந்தது. பனிக்காட்டை நாடாக்கியவர்களுக்கு நன்றிக்கடன் என்று அதைச் சொன்னார்கள். 2003-ல் கவர்னர் ஃபிராங்க் முர்கோவ்ஸ்கி, பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று சொல்லி ஒரே கையெழுத்தில் அதன் நிதியை வெட்டினார். அடுத்து வேறொரு சிறிய திட்டம் வந்தது. 2007-ல் வருமானம் பார்த்து மூன்று படிகளில் மாதாந்தரத் தொகை தரும் 'முதியோர் நலத்தொகை' பிறந்தது. அதன் கடைசிப் படி 125 டாலரில் தொடங்கி, பிறகு 76 டாலராகச் சுருங்கியது. 2019-ல் கவர்னர் மைக் டன்லீவி அந்தத் திட்டத்துக்கான நிதியை வெட்டி, எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் திருப்பிக் கொடுத்தார்.

கணப்புக்கென்றே தனியாக வந்த மாநில உதவிக்கும் இதே ஜாதகம்தான். மத்திய அரசின் வருமான வரம்பை மயிரிழையில் தாண்டிவிட்ட குடும்பங்களுக்காக 2008-ல் மாநிலம் தன் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. பிறகு எண்ணெய் விலை சரிந்து வருமானம் வற்றிய ஆண்டுகளில் அது நிறுத்தப்பட்டது. 2022-ல் உக்ரைன் போரால் விலை ஏறியபோது பங்குத்தொகை 3,284 டாலராக உயர்ந்தது. அதில் ஒரு பகுதிக்கு 'எரிபொருள் நிவாரணம்' என்று பெயர். எரிவாயுவில் குளிர்காய்ந்த ஆங்கரேஜ்காரருக்கும், விமானத்தில் வந்த எண்ணெயை வாங்கிய நோவாடக் பாட்டிக்கும் அதே தொகைதான்.

வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வாய்ப்பாடு தெரிகிறது. விலை ஏறும் வருடத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு ரொக்கம். விலை இறங்கியதும் முதியோர் திட்டத்தில் கத்தரி. எண்ணெய் விலை இறங்கினால் பாட்டிக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். படகு வாடகையும் டேங்க் செலவும் கடன் வட்டியும் கச்சா எண்ணெயோடு சேர்ந்து இறங்குவதில்லை. சந்தையில் பாதியாகக் குறைந்தாலும் ஊர் பம்பில் கொஞ்சம்தான் குறையும்.

வாஷிங்டன் அனுப்பும் பணம்

மாநிலம் கைவிடும்போது பிடித்துக்கொள்ள இருப்பது மத்திய அரசின் குறைந்த வருமானத்தோர் எரிபொருள் உதவித் திட்டம். 'லைஹீப்' என்ற சுருக்கப் பெயரில் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டது. 1981 முதல் நடக்கிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்பது அதன் சட்டத்திலேயே இருக்கிறது. அலாஸ்காவில் இதை மாநில அரசும் நடத்துகிறது. பெத்தெல் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட கிராம மன்றத் தலைவர்கள் சங்கம், டனனா தலைவர்கள் மாநாடு போன்ற பழங்குடி அமைப்புகளும் நேரடியாக நடத்துகின்றன. பணம் கையில் வராது. எண்ணெய் விற்பவரிடம் பாட்டியின் பெயரில் வரவு வைக்கப்படும். தீரும்வரை எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம்.

திட்டம் நல்லது. ஆனால் பருவத்துக்கு ஒரு முறை கிடைக்கும் உதவி இது. அதையும் அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டின் பணத்தை நம்பியே நடத்த வேண்டும். அலாஸ்காவில் அக்டோபர் என்றால் கணப்பு ஏற்கெனவே எரிய ஆரம்பித்த மாதம். 2025 ஏப்ரலில் இந்தத் திட்டத்தை வாஷிங்டனிலிருந்து கவனித்துவந்த ஊழியர்கள் அனைவரும் ஒரே நாளில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த பட்ஜெட்டில் திட்டத்தையே ஒழிக்க டிரம்ப் அரசு முன்மொழிந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்கிய அரசு முடக்கம் நவம்பர் 12 வரை நீண்டு, மாநிலங்களுக்குப் போக வேண்டிய பணம் தள்ளிப்போனது. தெற்கு மாநிலங்களில் ஆறு வாரத் தாமதம் என்பது கோப்பு விவகாரம். ஆறு உறைந்துகொண்டிருக்கும் ஊரில் அது அப்படியில்லை.

உதவி தூரத்திலிருந்து வந்தால் அரசியலும் சேர்ந்தே வரும் என்பதற்கு இன்னொரு சம்பவம். 2006 குளிர்காலத்தில் வெனிசுவேலா அரசுக்குச் சொந்தமான சிட்கோ நிறுவனம், அலாஸ்காவின் பழங்குடிக் கிராம வீடுகளுக்கு வீட்டுக்கு 100 கேலன் எண்ணெய் இலவசமாகத் தர முன்வந்தது. கடுங்குளிரில் ஏறக்குறைய ஒரு மாதம் ஓட்டக்கூடிய அளவு. அந்த செப்டம்பரில்தான் வெனிசுவேலா அதிபர் ஹியூகோ சாவேஸ் ஐ.நா. மேடையில் அமெரிக்க அதிபர் புஷ்ஷைப் பிசாசு என்று திட்டியிருந்தார். பெரும்பாலான கிராமங்கள் எண்ணெயை வாங்கிக்கொண்டன. அலூஷியன், பிரிபிலாஃப் தீவுப் பகுதியில் நான்கு கிராமங்கள் நாட்டுப்பற்றைக் காரணம் காட்டி மறுத்துவிட்டன. எண்ணெய் பூமியின் மக்கள் வெளிநாட்டு எண்ணெய்த் தானத்தை ஏற்பதா வேண்டாமா என்று கூடிப் பேச வேண்டி வந்ததே, அதுதான் வெட்கக்கேடு.

பக்கத்து நாட்டில் எப்படி?

கனடாவின் மூன்று வடக்குப் பிரதேசங்களிலும் முதியோர் கணப்புக்கென்று தனித் திட்டம் உண்டு. வடமேற்குப் பிரதேசத்தில் 60 வயது தாண்டியவர்களுக்கு, ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, வருமானம் பார்த்து மானியம் தருகிறார்கள். தூரத்து ஊருக்குக் கூடுதல் தொகை. யூகான் பிரதேசத்தில் 'முன்னோடிகள் மானியம்' 1970-களிலிருந்தே இருக்கிறது, 65 வயதை எட்டியவர்களுக்குரியது. தலைநகர் வொயிட்ஹார்ஸுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சற்று அதிகம். நுனாவுட்டின் 25 ஊர்களுக்கும் சாலை இணைப்பே இல்லை. அங்கே பிரதேச அரசே எண்ணெயை மொத்தமாக வாங்கி, கோடைக் கப்பலில் இறக்கி, விலையையும் நிர்ணயிக்கிறது. அலாஸ்காவில் பல கிராமங்கள் தனித்தனியாகப் பேரம் பேசுகின்றன. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரின் பேரத்துக்கு எவ்வளவு வலு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மின்சாரத்துக்கு ஒரு நியாயம், கணப்புக்கு ஒரு நியாயம்

அலாஸ்காவுக்கு வழி தெரியாமலில்லை. 1980-களில் நகரப் பகுதிகளுக்கு அரசுச் செலவில் மின்தடங்களும் அணைகளும் கட்டப்பட்டன. 'எங்களுக்கு என்ன?' என்று கிராமப் பிரதிநிதிகள் கேட்டதன் விளைவாக மின்கட்டணச் சமன் திட்டம் வந்தது. ஆங்கரேஜ், ஃபேர்பேங்க்ஸ், ஜூனோ கட்டணத்தை அடிப்படையாக வைத்து, டீசல் ஜெனரேட்டரில் ஓடும் கிராமங்களின் வீட்டுக் கட்டணத்தை அரசு அதன் பக்கம் இறக்கிக் கொடுக்கிறது. முதலில் மாதம் 500 யூனிட் வரை. 2022-ல் அது 750 ஆனது.

முக்கியமான வேலை 2000-ல் நடந்தது. இந்தத் திட்டத்துக்கென்று ஒரு மூலநிதி வைக்கப்பட்டது. அதன் வருமானத்தில் மானியம் நடப்பதால், எண்ணெய் விலை இறங்கினாலும் ஏறினாலும் பாட்டியின் கரண்ட் பில் ஆட்டம் காண்பதில்லை. அந்த நிதியையும் பொதுக் கணக்குக்கு இழுக்கப் பார்த்தார்கள். 2021-ல் நீதிமன்றம் தடுத்தது. பூட்டிய பெட்டியில் பணம் இருந்ததால் வழக்காடவாவது முடிந்தது.

கணப்புக்கு அப்படியொரு பெட்டி இல்லை. விளக்கு எரிக்கிற யூனிட்டுக்கு ஊர் வித்தியாசம் பார்த்துச் சமன் செய்யும் அரசு, அதே வீட்டில் அதைவிடப் பெரிய செலவான எண்ணெயை மட்டும் ஆண்டுதோறும் சட்டசபையின் மனநிலைக்கு விட்டுவிடுகிறது.

'குளிர் தாங்கவில்லை என்றால் நகரத்துக்கு வந்துவிட வேண்டியதுதானே?' என்று ஆங்கரேஜில் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறு பதில் சொல்லும். யூப்பிக் மக்களின் பழைய குளிர்கால வீடுகள் பாதி மண்ணுக்குள், மேலே புல்மண் மூடியவை. சீல் கொழுப்பு விளக்கும் நெருங்கி வாழும் மனிதர்களின் உடல் சூடும் போதுமானதாக இருந்தது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறியவர்களை ஒரே இடத்தில் நிறுத்தியது பள்ளிக்கூடமும் மிஷனும் அரசும்தான். பிறகு தெற்கத்திய வரைபடத்தில், மெல்லிய பலகைச் சுவர் வைத்து, தரைக்கு மேலே வீடு கட்டிக் கொடுத்ததும் அரசுதான். எண்ணெய் இல்லாமல் அந்த வீட்டில் ஓர் இரவு தங்க முடியாது. எண்ணெய்த் தேவை பாட்டி விரும்பித் தேடிக்கொண்டதல்ல. வீட்டோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

சுவரில் போட்ட பணம்

2008-ன் வெள்ளப் பணத்தில் ஒரு பங்கு உருப்படியாகப் போனது. வீடுகளுக்குக் குளிர்க்காப்பு செய்யவும் வீட்டு எரிபொருள் சிக்கனத்துக்கும் 36 கோடி டாலர் ஒதுக்கினார்கள். சுவருக்குள் காப்புப் பொருள் அடைப்பது, ஜன்னல் மாற்றுவது, கதவிடுக்கை மூடுவது, பழைய கணப்பை எடுத்துவிட்டுப் புதியது வைப்பது என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் வேலை நடந்தது. ரொக்க உதவி ஒரு குளிர்காலத்தில் புகையாகப் போய்விடும். சுவரில் போட்ட பணத்தை எந்தக் கவர்னரும் திரும்ப உருவ முடியாது. எண்ணெய் விலை சரிந்ததும் இந்த ஒதுக்கீடும் சுருங்கியது. ஆனால் செய்த வேலை நின்றது.

குஸ்கோக்விம் ஆற்று முகத்துக்கு மேற்கே சில கிராமங்கள் இன்னொரு வழி கண்டன. கோங்கிகானக், துந்துதுலியாக், க்விகிலிங்கோக், கிப்னுக் ஆகிய நான்கும் 'சானினிக் காற்றுக் குழு' என்று சேர்ந்து காற்றாலைகள் நிறுவின. காற்று பலமாக வீசி மின்சாரம் மிஞ்சும் நேரங்களில், அது வீடுகளில் வைத்திருக்கும் பீங்கான் செங்கல் அடுக்கிய கணப்புகளைச் சூடேற்றும். செங்கல் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல வீட்டுக்குள் விடும். மிச்ச மின்சாரம் என்பதால் எண்ணெயைவிட மலிவு. கேன் தூக்க வேண்டியதில்லை என்பது முதியோருக்குக் கூடுதல் லாபம்.

இதிலும் இடர் இருக்கிறது. 2025 அக்டோபரில் ஹாலாங் புயலின் எச்சம் கிப்னுக்கையும் க்விகிலிங்கோக்கையும் தாக்கி, வீடுகளையே அடித்தளத்திலிருந்து பெயர்த்து மிதக்கவிட்டது. மக்களை விமானத்தில் வெளியேற்ற நேர்ந்தது. உறைமண் உருகி நிலம் இறங்கும் இடத்தில் சுவரில் பணம் போடுவதா என்ற கேள்வி இனி வரும். வர வேண்டியதுதான். ஆனால் வேறு இடத்தில் கட்டினாலும் அங்கேயும் சுவர் வேண்டும், கணப்பு வேண்டும்.

அலாஸ்கா செய்ய வேண்டியது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதல்ல. மின்சாரத்துக்குச் செய்ததைக் கணப்புக்கும் செய்ய வேண்டும்: விலை ஏறும் வருடத்து வரவில் ஒரு பங்கைப் பூட்டிவைத்து, அதன் வருமானத்தில் ஊர் விலைக்கும் நகர விலைக்கும் உள்ள வித்தியாசத்தை முதியோர் வீடுகளுக்காவது ஈடுகட்ட வேண்டும். அந்தப் பணமும் ஊர் பம்பில் விலை எழுதப்படும் கோடைக்கு முன்பே வந்து சேர வேண்டும். ஜனவரியில் வரும் உதவி, ஜூலையில் தீர்மானமாகிவிட்ட விலையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அடுத்த முறை பீப்பாய் விலை ஏறும்போது ஜூனோவில் பணம் புரளத்தான் போகிறது. அதை எல்லாருக்கும் காசோலையாக வாரியிறைப்பதா, பூட்டிவைப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரமும் அந்தக் கோடைதான்.